அடுப்படியைப் பார்க்கத்தான் போனோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்

செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில், ஒரு பழைய பெரிய வீட்டின் ஆட்டுக்கல்லை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் படத்தைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை முகநூலில் பகிர்ந்திருந்தேன். அதன் கீழே நடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். முழுவதையும் மறுபடி எடுத்து வைக்க எனக்கு மனமில்லை. ஆனால் "பர்மாத் தேக்குத் தூண்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆட்டுக்கல்லைப் பார்ப்பவரை எதற்கு அவ்வளவு தூரம் அழைத்துப் போனீர்கள்" என்று ஒருவர் எழுதியதையும், அதன் கீழே வரிசையாக விழுந்த சிரிப்புக் குறிகளையும் கடந்துபோக முடியவில்லை. அந்தப் படத்தில் இருப்பவர் என் கணவரைப் பெற்றவர், என் அத்தை. அவர் முகநூலில் இல்லை. தம்மைப் பற்றி முன்பின் தெரியாதவர்கள் சிரித்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவருக்குப் பதிலாக நான் பேசுகிறேன்.

சொல்ல வேண்டியது ஒன்றுதான். என் அத்தை பார்க்கத் தெரியாதவர் அல்லர்.

செட்டிநாட்டுக்கு நான் அடிக்கடி போகிறவள் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். விடுமுறை கிடைத்தால் மற்றவர்கள் கொடைக்கானலுக்கோ மூணாறுக்கோ புறப்படும்போது, நான் பல்லவன் விரைவு ரயிலில் காரைக்குடிக்குப் பயணச்சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பேன். அத்தைக்கு இதுதான் முதல்முறை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டு, மாமனார், மாமியார், இரண்டு கொழுந்தனார், அவர்கள் பிள்ளைகள் என்று நிறைந்த வீட்டில் அறுவடைக் காலத்தில் ஆட்களுக்கும் சேர்த்து உலை வைத்தவர் அவர். கோயிலுக்கு அல்லாமல் வெறுமனே ஓர் ஊரைப் பார்ப்பதற்காக அவர் வெளியூர் போனதே கிடையாது. பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் பக்கத்தில்தான் என்று சொல்லித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி, உள்ளே வரை போய்ப் பார்க்க அனுமதி கிடைத்த வீடு அது. முகப்பில் கஜலட்சுமியையும் திண்ணையையும் பார்த்தோம். தூண்கள் சூழ்ந்த நடுமுற்றமான வளவுக்குள் நுழைந்ததும், எல்லாரும் நிற்கும் இடத்தில் அத்தையும் நின்றார், அண்ணாந்து பார்த்தார், தூணைத் தொட்டும் பார்த்தார். அந்தப் படங்களை நான் போடவில்லை, அவ்வளவுதான். பிறகு அவராகவே இரண்டாம் கட்டைத் தாண்டி நடந்து அடுப்படிக்குப் போனார். புகை ஏறிக் கறுத்த உத்தரம், அதன் கீழே சுவரோரமாக மண் அடுப்புகள், தாழ்வாரத்தில் வரிசையாக ஆட்டுக்கல், அம்மி, திருகை. ஓர் ஆட்டுக்கல்லின் குழிக்குள் உள்ளங்கையை வைத்து அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தடவிப் பார்த்தார். பிறகு அடுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, அந்த வீட்டு ஆச்சியிடம் கேட்டார்: "ஏங்க, ஒரே வீட்டுக்கு எதுக்கு இத்தனை அடுப்பு? ஒத்துமை இல்லையா?"

எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆச்சி ஒன்றும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஒத்துமைக்குத்தாங்க இத்தனை அடுப்பு. கல்யாணமாயிட்டா அவுகளை வேறு வச்சிருவோம். ஒரே கூரைதான், உலைதான் வேற" என்றார். அதற்குப் பிறகு அந்த இரண்டு பெண்களும் பேசியதை முழுமையாக எழுதினால் தனிப் பதிவாகிவிடும்.

நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார், குடும்பங்களில் மகனுக்குத் திருமணம் ஆனதும் அவனை 'வேறு வைப்பது' வழக்கம். வீட்டை விட்டு அனுப்புவது அல்ல. அதே வீட்டில் அவனுக்கென்று ஓர் அறை, தனிச் சமையல், ஆண்டுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கும் நெல்லும் பணமும். மருமகள் முதல் நாளிலிருந்தே தன் செலவுக்குத் தானே கணக்கு வைக்க வேண்டும். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள் இருப்பதும், அவற்றில் அந்தந்த மருமகளின் சீர்ச் சாமான்கள் பூட்டி வைக்கப்பட்டிருப்பதும், பின்கட்டில் அடுப்புகள் பெருகுவதும் இந்த ஏற்பாட்டினால்தான். அந்த வீட்டின் திட்டமே இதுதான். அதை அறிய வேண்டுமானால் தூணைப் பார்த்துப் பயனில்லை, அடுப்பைத்தான் பார்க்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் ஒரே உலையில் வெந்து வாழ்ந்த ஒருவருக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும். ஒற்றை எரிவாயு அடுப்போடு அடுக்ககத்தில் குடித்தனம் நடத்தும் எனக்கு அது தோன்ற நியாயமில்லை.

இப்படிப்பட்டவரைத்தான் பார்க்கத் தெரியாதவர் என்கிறீர்கள்.

"பாரம்பரியச் சின்னத்துக்கு என்று ஒரு மரியாதை இருக்கிறது, யுனெஸ்கோவே அங்கீகரித்த இடம்" என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். 2014 முதல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன என்பது உண்மை. இறுதிப் பட்டியலில் இன்னும் சேரவில்லை. அந்த உத்தேசப் பட்டியலிலும் வணிகர்களின் ஊர்த் தொகுதிகள் என்றுதான் இருக்கிறது. தெருக்கள் அமைந்த முறை, கூரையிலிருந்து முற்றத்துக்கும் ஊருணிக்கும் மழைநீர் போகும் வழி எல்லாம் அதில் சேர்த்தி. தேக்கும் பளிங்கும் மட்டுமே பாரம்பரியம் என்று அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை. ஆட்டுக்கல்லைத் தொடுவது எந்த வகையில் மரியாதைக் குறைவு என்று அவர்தான் விளக்க வேண்டும்.

செட்டிநாடு பற்றிய எந்தக் காணொளியைத் திறந்தாலும் ஒரே பாட்டுத்தான். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு. எல்லாம் உண்மைதான், நானும் ஆசையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் முதல்முறை வருகிறவர் இந்தப் பட்டியலை ஒப்பித்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும் என்று சட்டம் போட யாருக்கும் உரிமை இல்லை. ஆண்கள் வட்டித் தொழிலுக்காக ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் மூன்று ஆண்டுத் தவணையில் கப்பலேறிப் போனபோது அந்த வீடுகளை யார் நடத்தினார்கள்? நெல்லை அளந்து வாங்கியவர், கணக்குப் பார்த்தவர், பிள்ளைகளை ஆளாக்கியவர், பனையோலையில் கொட்டான் என்னும் கூடை முடைந்தவர் யார்? அவர்கள் நாள் முழுவதும் புழங்கிய இடம் பின்கட்டு. அதைப் பார்த்த ஒரு பெண்ணைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறீர்கள்.

தேக்கைப் பற்றிப் பேசுவதானால் முழுவதையும் பேசலாம். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, செட்டியார்களிடம் வாங்கிய கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் வயல்கள் அவர்கள் கைக்கு வந்தன. 1937 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. 1942-இல் ஜப்பானியர் நுழைந்தபோது உயிர் பிழைத்தால் போதும் என்று ஊர் திரும்பிய செட்டியார்கள் பலர். நிலங்கள் பிறகு கைவிட்டே போயின. இரண்டு பக்கமும் இழப்பு இருக்கிறது. இதைச் சொன்னால் ஊரை இழிவுபடுத்துகிறேன் என்று கோபிப்பவர்கள் இருப்பார்கள். நேசிக்கிற ஊரைப் பற்றி எல்லாம் தெரிந்துகொள்ள விரும்புவது இழிவு ஆகாது. தூண்களைப் பார்க்கச் சொல்கிறவர்கள் இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லட்டும், நான் ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறைக்குப் போனோம். கண்ணாடிப் பலகை மேல் உலோக அச்சை வைத்து, குழைத்த சாயச் சிமெண்டை ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, கலவையை அப்பி மட்டம் செய்து, காய வைத்துத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குகிறார்கள். சூளையே கிடையாது. கண்ணாடி கழன்று வரும்போது அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் இறங்கியிருக்கிறது. அங்கே அத்தை பூ வேலைப்பாட்டைப் பார்த்துவிட்டு, ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து வேலை செய்தால் முழங்கால் என்னாகும் என்று கேட்டார். அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, சாயங்காலம் தைலம் தேய்த்துக்கொள்வதாகச் சொன்னார். கல்லின் விலையைக் கேட்பவர்களைத்தான் அங்கே நான் பார்த்திருக்கிறேன். முழங்காலைக் கேட்டவர் இவர்.

இரவில் கவுனி என்னும் கறுப்பு அரிசியில் செய்த இனிப்பு வைத்தார்கள். நெல்லோடு பிறந்து வளர்ந்தவர் என்பதால், எவ்வளவு நேரம் ஊற வேண்டும், தண்ணீர் அளவு என்ன என்று விசாரித்து, ஊருக்குப் போகும்போது ஒரு பை வாங்கிக்கொண்டார். இதுவும் அரண்மனையைப் பார்ப்பதில் சேராது என்பீர்கள். இருக்கட்டும்.

"மாமியார் என்பதால் இவ்வளவு வக்காலத்தா" என்று கேட்பார்கள். ஆமாம், மாமியார் என்பதால்தான் கூடுதலாக வலிக்கிறது. வேறு ஒருவரை இப்படிப் பேசியிருந்தாலும் எழுதியிருப்பேன், இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். "விளையாட்டாகச் சொன்னது" என்ற பதிலும் வந்துவிட்டது. வயதானவரின் படத்தின் கீழே, அவர் படிப்பைப் பற்றியும் ஊரைப் பற்றியும் ஊகித்துக்கொண்டு சொன்னதை விளையாட்டு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. "அடுத்த முறை ரசனை உள்ளவரை அழைத்துப் போங்கள்" என்ற அறிவுரைக்குப் பதில் இதுதான்: அடுத்த முறையும் அத்தையைத்தான் அழைத்துப் போகிறேன்.

தை மாதம் போவதாக இருக்கிறோம். இளையாற்றங்குடிக் கோயிலையும் ராயவரம் பக்கத்து வீடுகளையும் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். முகப்போடும் வளவோடும் கயிறு கட்டி நிறுத்திவிடும் வீடுகளாக இல்லாமல், பின்கட்டு வரை, அடுப்படியும் கிணற்றடியும் வரை போய்ப் பார்க்க இசைவு தரும் வீடுகள் யாருக்காவது தெரிந்திருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். வீட்டுக்காரர்களின் வசதிப்படி, அவர்கள் சொல்லும் நேரத்துக்கு வருகிறோம்.