அப்ஸ்ட்ராக்ட் படம் விடுகதை இல்லை

இயற்கையை அப்ஸ்ட்ராக்டாக, அதாவது பொருளைவிட வடிவமும் கோடும் நிறமும் முன்னால் நிற்கும்படி, படமெடுத்துப் போடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள், ரொம்ப சந்தோஷம். ஆனால் படத்துக்கு மேலே "இது என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வாழையிலை நரம்பு என்று ஒருவர் கமெண்டில் சொன்னதும் கதை முடிந்தது, எல்லோரும் அடுத்த பதிவுக்குப் போய்விடுகிறார்கள். படத்தை யாருமே பார்க்கவில்லை.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930-இல் ஒரு குடைமிளகாயை எடுத்தார். படத்தின் பெயரே 'பெப்பர் எண் 30'தான், எதையும் ஒளிக்கவில்லை. ஒரு தகரப் புனலுக்குள் அதை வைத்து, உட்சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தில் எடுத்தது. மிளகாய் என்று தெரிந்த பிறகும் அந்த வளைவுகளை விட்டுக் கண் நகர மாட்டேன் என்கிறது. நம் படமும் அப்படி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கம், திருச்செந்தூருக்கு அருகே குதிரைமொழித் தேரி இருக்கிறது. இரும்பு ஆக்சைடு படிந்த செம்மணல், அதன் மேல் காற்று இழுத்துவிட்ட வரிகள். உச்சி வெயிலில் போனால் எல்லாம் தட்டையாகத் தெரியும். காலையில் வெயில் சாய்வாக விழும்போதுதான் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் நிழல் ஏறும். வானம், பனை, மணல் மூன்றையும் சேர்த்தால் அது நிலக்காட்சி. அப்ஸ்ட்ராக்ட் வேண்டுமென்றால் தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸைப் போட்டு வானத்தை விடுங்கள், பனையை விடுங்கள், அளவைக் காட்டிக்கொடுக்கும் கால்தடத்தையும் விடுங்கள். அப்புறம் வரிகளை உற்றுப் பாருங்கள், சில இடங்களில் ஒரு வரி கவட்டை மாதிரி இரண்டாகப் பிரியும். நான் தேடுவது அந்த இடத்தைத்தான். அதை நட்டநடுவில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்து, பிரிந்த இரண்டும் படத்தின் எந்த ஓரத்தில் வெளியேறுகின்றன என்று பார்ப்பேன். சரியாக மூலையில் போய் முட்டினால் கண் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அரை அடி நகர்ந்தால் சரியாகிவிடும்.

எடிட்டிங்கில் பெரும்பாலும் கெடுவது நிறம். வெளிச்சத்தின் நிறத்தைக் கேமராவே சரிசெய்கிற ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்தச் சிவப்பை மட்டுப்படுத்தப் பார்க்கும், அதை மாற்றி, பகல் வெயிலுக்கான டேலைட்டில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. அதற்கு மேல் சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, ஏற்றினால் முதலில் படத்தின் சிவப்புப் பங்கான சிவப்பு சேனல்தான் நிரம்பி வழியும், மணல் துகள் எல்லாம் கரைந்து ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். விளிம்புகளை அழுத்திக் காட்டும் கிளாரிட்டியும் அப்படித்தான், படம் முழுக்க ஒரே அளவில் ஏற்றினால் கண்ணுக்கு உட்கார இடமே கிடையாது. பிரிகிற இடத்தை மட்டும் லேசாக வெளிச்சமாக்கி, ஓரங்களைக் கொஞ்சம் இருட்டாக்குங்கள், போதும்.

படத்தைத் தலைகீழாகத் திருப்பியும் பாருங்கள். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று மூளை நினைத்துக்கொள்வதால் மேடு பள்ளமாகவும், பள்ளம் மேடாகவும் மாறித் தெரியும். சில சமயம் அதுதான் நல்ல படம், அப்படியே போடுங்கள், தப்பே இல்லை. ஓரத்தில் கிடக்கிற சருகைக் குளோன் பண்ணி, அதாவது பக்கத்து மணலை அதன் மேல் நகலெடுத்து ஒட்டி, எடுப்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இல்லாத வரியை ஏஐயை வைத்து நிரப்புவதை என்னால் ஏற்க முடியாது. அந்த வரிகளைப் போட்டது காற்று என்பதற்காகத்தான் விடியும் முன்னே எழுந்து அவ்வளவு தூரம் போகிறேன்.