நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்

பெங்களூரில் ஐடி கம்பெனிகள் ஆள் குறைத்தால் நான் உடனே பொங்குவதில்லை. புராஜெக்ட் போனால் ஆள் குறையும். நூறு பேரை அனுப்பினால் ஆயிரம் பேரின் சம்பளம் தப்பும் என்கிறார்களா, சரி, அது நிறையப் பேருக்கு நிறைய நன்மை என்று தத்துவவாதிகள் பெந்தாமும் மில்லும் போட்டுக் கொடுத்த கணக்கு. அதோடு சண்டை போடலாம், ஆனால் கணக்கு கண்ணெதிரே இருக்கிறது.

எனக்கு ஆகாதது, ஆளை அனுப்பிவிட்டு அவரே போனதாக எழுதி வாங்குவது. எலெக்ட்ரானிக் சிட்டியில் என் நண்பரை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் சின்ன மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். எதிரே இருந்த ஹெச்ஆர் பெண்ணும் நம்ம சேலம்தான். "அண்ணா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரிலீவிங் லெட்டர் சுத்தமா வரும். நாங்க டெர்மினேட் பண்ணினா அடுத்த கம்பெனி வெரிஃபிகேஷன்ல மாட்டும்." ரிலீவிங் லெட்டர் என்பது வேலையிலிருந்து விடுவித்ததாகக் கம்பெனி தரும் கடிதம். ராஜினாமா மெயிலைக்கூட அவர்களே டைப் செய்து வைத்திருந்தார்கள். வீட்டுக் கடன் உள்ளவர், அனுப்பிவிட்டார்.

கம்பெனி ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறது? 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் 1953-இல் சேர்த்த பிரிவிலிருந்தே, தொழிலாளி என்ற வரையறைக்குள் வருகிறவர் ஒரு வருடம் வேலை பார்த்திருந்தால், ஆட்குறைப்பில் அவரை நீக்க ஒரு மாத நோட்டீஸோ அதற்குப் பதில் சம்பளமோ வேண்டும். முடித்த வருடம் ஒவ்வொன்றுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். மேனேஜர்களுக்கு இது பொருந்தாது. தானாக ராஜினாமா செய்தவருக்கும் இந்த இழப்பீடு கிடையாது. அந்த மெயிலின் விலை அதுதான்.

இங்கேதான், மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்ற தத்துவவாதி காண்ட் எனக்குத் தேவைப்படுகிறார். சம்பளம் கொடுத்து வேலை வாங்குவதை அவர் குறை சொல்லவில்லை, அது இருவரும் தெரிந்தே ஒத்துக்கொண்டது. பயமுறுத்தி வாங்கிய சம்மதத்தில் எதிராளி மனிதராகவே இல்லை, வெறும் கருவி. 'உங்க நல்லதுக்கு' என்பது அதற்கு மேல் பூசிய சர்க்கரை.

  

ரிலீவிங் லெட்டரில் 'ஆட்குறைப்பு' என்று உண்மையை எழுதுங்கள் என்றால், கம்பெனி பேர் கெடும் என்கிறார் ஒரு ஹெச்ஆர் நண்பர். ஊழியர் பேர் கெடுவதைச் சொல்லித்தானே அங்கே மிரட்டினீர்கள்?

அந்த ரூமில் உட்கார நேர்ந்தால் அங்கேயே எதையும் அனுப்பாதீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வாருங்கள், ராஜினாமா கேட்ட காரணத்தை மெயிலில் கேளுங்கள். பன்னேருகட்டா ரோடில் தொழிலாளர் துறையின் கார்மிக பவன் இருக்கிறது. கேஐடியு என்ற ஐடி ஊழியர் சங்கமும் இருக்கிறது. மெயில் போவதற்கு முன்னால் அவர்களிடம் பேசுங்கள்.