மக்கள் தீர்ப்பு மாசசூசெட்ஸில் பறிபோகவில்லை
ஆளுநரைச் சட்டமன்றம் தேர்ந்தெடுத்தாலே மக்கள் தீர்ப்பு பறிபோனது என்று ஒரு கட்டுரை சொல்வது, அமெரிக்க மாநிலமான மாசசூசெட்ஸில் 1785இல் நடந்த ஆளுநர் தேர்தலுக்குப் பொருந்தாது. ஆளுநராக இருந்த ஜான் ஹான்காக் விலகிய பிறகு நடந்த அந்தத் தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு கிடைக்கவில்லை. அப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்று அந்த மாநிலத்தின் 1780 அரசியல் சட்டத்திலேயே எழுதியிருந்தது: அதிக வாக்கு வாங்கிய நால்வரில் இருவரைக் கீழவை தேர்ந்து அனுப்ப வேண்டும், அவர்களில் ஒருவரை மேலவை ஆளுநராக்க வேண்டும். ஜேம்ஸ் போடன் ஆளுநராக வந்தது இந்த வழியில்தான். சரி, மக்கள் கை கட்டப்பட்டதா? இல்லை, அங்கே அப்போது ஆண்டுதோறும் தேர்தல் நடந்தது. கடன் சுமையில் தவித்த விவசாயிகளின் ஷேஸ் கிளர்ச்சியைப் படை அனுப்பி ஒடுக்கிய அதே போடனை 1787இல் பெரிய வித்தியாசத்தில் தோற்கடித்து, ஹான்காக்கை மக்களே திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்தக் கேள்வியை நியாயமாகக் கேட்க வேண்டியது இன்னொரு அமெரிக்க மாநிலமான வர்ஜீனியாவைப் பற்றி. 1851 வரை அங்கே ஆளுநருக்கு மக்கள் வாக்களிக்கவே வழியில்லை.