சவுலின் காலடியில் வைத்த துணிகள்

ஆதி கிறிஸ்தவ சபையைப் பற்றிய உங்கள் கட்டுரையில், விசுவாசத்துக்காகக் கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் மரணத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். பைபிளின் அப்போஸ்தலர் நூல் 7-ஆம் அதிகாரத்தில் என்னை எப்போதும் நிறுத்துவது கற்கள் அல்ல, துணிகள். வயலில் இறங்கும் முன் சட்டையைக் கழற்றி வைப்பதுபோல, கல்லெறிய வந்தவர்கள் மேலாடைகளைக் கழற்றி சவுல் என்ற வாலிபனின் காலடியில் வைக்கிறார்கள். அவன் கல் எடுத்ததாக எழுதியில்லை, காவல் மட்டும். ஆனால் அதே சவுல் மனம் மாறி அப்போஸ்தலன் பவுலான பிறகு, எருசலேமில் தன்னைக் கொல்லத் துடித்த கூட்டத்தின் முன்னால் அதை அவரே மறைக்காமல் சொல்கிறார் (22:20).

அப்புறம், ஸ்தேவானின் மரணத்தை அடுத்து வந்த ‘உபத்திரவத்தால் சபை ஒடுங்கியது’ என்று நீங்கள் எழுதியது சரியில்லை. அன்று சிதறி ஓடியவர்களில் சிலர்தான் சிரியாவின் அந்தியோகியா நகரம் வரை போய்ச் செய்தியைப் பரப்பினார்கள். சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதலில் விழுந்ததே அந்த ஊரில்தான்.