ஹிரோஷிமாவுக்கு மூன்று மணி நேரம் போதாது

ஜப்பானுக்குச் சுற்றுலா வரும் நம்மவர்கள் தங்கள் பயணத் திட்டத்தை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பதுண்டு. டோக்கியோவுக்கு நான்கு நாள், கியோத்தோவுக்கு மூன்று நாள், ஒசாகாவுக்கு இரண்டு நாள் என்று இருக்கும். ஹிரோஷிமாவுக்கு மட்டும் அரை நாள். காலையில் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் ஏறி, அணுகுண்டுக் குவிமாடத்தின் முன் படம் எடுத்து, அருங்காட்சியகத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு மாலைக்குள் திரும்பிவிடுவார்கள். ஒசாகாவில் வேலைக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் போய்வந்தேன். அது அந்த ஊருக்குச் செய்யும் அநியாயம் என்பது, போன நவம்பரில் சென்னையிலிருந்து வந்த மூன்று நண்பர்களோடு ஒரு வெள்ளிக்கிழமை முழுவதும் அங்கே சுற்றியபோதுதான் எனக்கு உறைத்தது.

காலையில் குவிமாடம். செக் கட்டடக் கலைஞர் யான் லெட்செல் வடிவமைத்து 1915இல் எழுந்த பொருட்காட்சிக் கூடம் அது. 1945 ஆகஸ்ட் 6, காலை 8:15க்குக் குண்டு ஏறக்குறைய அதன் தலைக்கு நேர் மேலே, சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அடி மேலிருந்து விழுந்ததால்தான் சில சுவர்கள் சாயாமல் நின்றுவிட்டன. ஆற்றைக் கடந்து அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே ஒரு டிபன் பாக்ஸ் இருக்கிறது. ஷிகேரு ஒரிமென் என்ற பள்ளி மாணவனுடையது. அவனுடைய அம்மா தேடிக் கண்டெடுத்தபோது, உடலுக்கு அடியில் அந்த டப்பா இருந்தது. உள்ளே இருந்த சாப்பாடு அப்படியே கரியாகிக் கிடக்கிறது. எங்களோடு வந்த தோழி தினமும் காலையில் எழுந்து மகளுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பவள். அந்தக் கண்ணாடியை விட்டு அவள் நகரவே இல்லை. அவள் தோளைத் தொட்டுக் கூப்பிடக்கூட எங்களுக்குத் துணிவு வரவில்லை.

வெளியே வந்தபோது யாருக்கும் பசியில்லை. "இதைப் பார்த்துவிட்டு எப்படிச் சாப்பிடுவது? கிளம்பிவிடலாம்" என்றான் ஒருவன். நான் விடவில்லை. ஒகோனோமியாகி என்று இரும்புக் கல்லில் சுட்டுத் தரும் உணவைச் சாப்பிடாமல் இந்த ஊரைப் பார்த்ததாகச் சொல்லக்கூடாது என்று இழுத்துக்கொண்டு போனேன். ஒகோனோமிமுரா என்று ஒரு கட்டடம் இருக்கிறது. 'முரா' என்றால் கிராமம். இரண்டாம் மாடியிலிருந்து நான்காம் மாடிவரை இருபதுக்கு மேற்பட்ட சின்னச் சின்னக் கடைகள். ஒவ்வொன்றிலும் நீளமான இரும்புக் கல், அதைச் சுற்றி நாற்காலிகள்.

எங்களுக்குச் சுட்டுக் கொடுத்த அம்மாளுக்கு எழுபது வயதுக்குக் குறையாது. மாவைக் கரண்டியின் அடிப்பக்கத்தால் தேய்த்து, நம் தோசையைவிட மெல்லியதாக ஒரு வட்டம் போட்டார். அதன்மேல் மீன் தூள். பிறகு மலைபோல முட்டைக்கோஸ், முளைகட்டிய பயறு, பொரித்த மாவுத் துணுக்குகள், பன்றி இறைச்சித் துண்டுகள். இரண்டு தோசைத் திருப்பிகளை அடியில் செருகி, முழு மலையையும் ஒரே வீச்சில் கவிழ்த்தார். ஒரு துணுக்குக்கூடச் சிதறவில்லை. அப்படியே மூடி வேகவிட்டார். அந்த மலை மூன்றில் ஒரு பங்காக அடங்கியதும், பக்கத்தில் வதக்கி வைத்திருந்த நூடுல்ஸின் மேல் ஏற்றி, முட்டையை உடைத்துப் பரப்பி அதன்மேல் சாய்த்து, கரிய இனிப்புச் சாஸைப் பூசினார். தட்டு கிடையாது. சூடான கல்லிலிருந்தே சிறிய இரும்புத் தகட்டால் வெட்டி வெட்டிச் சாப்பிட வேண்டும். ஒசாகாவில் எல்லாவற்றையும் மாவோடு கலந்து சுடுவார்கள். இங்கே அடுக்கு அடுக்காக வேகும் முட்டைக்கோஸின் தித்திப்புக்கு அது ஈடாகாது. ஒசாகாக்காரனாகவே இதைச் சொல்கிறேன். இன்னொன்று, 'ஹிரோஷிமா யாகி' என்று கேட்டுவிடாதீர்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது பிடிக்காது. அவர்களுக்கு ஒகோனோமியாகி என்றாலே இதுதான். சைவம் சாப்பிடுபவர்கள் இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது, மீன் தூளையும் தவிர்க்கச் சொல்ல வேண்டும். சாஸிலும் இறைச்சிச் சாறு இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த உணவு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அந்த நண்பன் கிளம்பலாம் என்று சொல்லியிருக்க மாட்டான். போருக்கு முன் குழந்தைகள் சில்லறைக் காசுக்கு வாங்கித் தின்ற மாவுப் பண்டம் அது. ஊர் எரிந்தபின் அரிசிக்குத் தட்டுப்பாடு. அமெரிக்காவிலிருந்து உதவியாகக் கோதுமை மாவு வந்தது. குண்டு போட்ட நாட்டின் மாவையும் கையில் அகப்பட்ட இரும்புத் தகட்டையும் முட்டைக்கோஸையும் வைத்துக்கொண்டு, வயிறு நிறையும் ஒரு வேளைச் சாப்பாட்டை அந்த மக்கள் உண்டாக்கினார்கள். போரில் கணவனை இழந்த பெண்கள் பலர் வீட்டு முன்பக்கத்திலேயே கடை போட்டார்கள். பல பழைய கடைகளின் பெயர் 'சான்' என்று, வீட்டில் செல்லமாகக் கூப்பிடும் பெயராகவே முடிவது அதனால்தான் என்கிறார்கள். அருங்காட்சியகத்தில் ஆகஸ்ட் 6 இருக்கிறது. ஆகஸ்ட் 7 முதலான நாட்கள் இந்தக் கல்லைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை விட்டுப்போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே ரசித்துச் சாப்பிடுவது இறந்தவர்களுக்கு அவமரியாதை என்பதையும் என்னால் ஏற்க முடியாது.

டிராமும் அப்படித்தான். குண்டு விழுந்த மூன்றாம் நாளே ஒரு சிறு தடத்தில் டிராம் ஓடத் தொடங்கியது. ஆண்கள் போருக்குப் போயிருந்ததால் பள்ளிப் பருவத்துப் பெண்கள் நடத்துநர்களாகவும் ஓட்டுநர்களாகவும் வேலை செய்த காலம் அது. அன்று தப்பிய 651, 652 எண் வண்டிகள் இன்னும் ஓட்டத்தில் இருக்கின்றன.

மதியம் அதே டிராம் தடத்தில் மியாஜிமா தீவுக்குப் போனோம். படகில் பத்து நிமிடம். கடலில் நிற்கும் அந்தச் சிவப்புத் தோரண வாசல் 1875இல் நிறுவப்பட்டது, உயரம் 16 மீட்டருக்கு மேல். அடித்தளத்தில் புதைக்காமல் தன் கனத்தாலேயே நிற்கிறது. நீர் வற்றியிருந்ததால் அடிவரை நடந்து போய்த் தூணைத் தொட்டோம். வழியில் ஓட்டோடு சுட்ட சிப்பி, எலுமிச்சைச் சாறு பிழிந்து. ஜப்பானில் சிப்பி அதிகம் விளைவது ஹிரோஷிமாவில்தான். கிளம்பலாம் என்றவன் நான்கு சாப்பிட்டான்.

இரவு தங்கினோம். திரும்பும் டிராம் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது குவிமாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதிர் இருக்கையில் பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள் ஒரே பொட்டலத்திலிருந்து எதையோ பகிர்ந்து தின்றுகொண்டு வந்தார்கள். அங்கே எட்டு மணி என்றால் சென்னையில் நாலரை, பள்ளி விட்டிருக்கும். விடுதியில் இறங்கியதும் தோழி மகளுக்குப் போன் செய்தாள். மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டாயா என்று கேட்டாள். பாதிதான் சாப்பிட்டாளாம். அவள் திட்டவில்லை. நாளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, பாட்டியிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.