மூன்று வாரத்தில் திரும்பி வந்த கிறீச் சத்தம்

கதவு கிறீச்சிடுகிறது. கீலில் டபிள்யூடி-40 ஸ்ப்ரே ஒரு அடி அடிக்கிறோம். சத்தம் டக்கென்று நின்றுவிடுகிறது. மூன்று வாரம் கழித்து அதே கதவு, அதே சத்தம். "இப்பல்லாம் இந்த ஸ்ப்ரே முன்ன மாதிரி இல்லை" என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டுப் போய்விட்டது. மீதி வேலையை நாம்தான் செய்யவில்லை.

அதன் வேலை என்ன என்பது பெயரிலேயே இருக்கிறது. டபிள்யூடி என்றால் வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட், அதாவது ஈரத்தை விரட்டுவது. 40 என்பது நாற்பதாவது முயற்சியில் கைகூடிய கலவை. 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்ற சின்ன நிறுவனம் தயாரித்தது. அட்லஸ் ஏவுகணையின் மெல்லிய வெளித்தகடு துருப்பிடிக்காமல் இருக்கத்தான் முதலில் பூசினார்கள். அந்த ஏவுகணைத் தொழிற்சாலை ஆட்களே வீட்டு வேலைக்கும் இதை எடுத்துப்போக, 1958இல் ஸ்ப்ரே டப்பாவாகக் கடைக்கு வந்தது.

டப்பாவுக்குள் இருப்பதில் பெரும்பங்கு மெல்லிய கரைப்பான். கொஞ்சம்தான் எண்ணெய். கரைப்பான் தண்ணியாக இருப்பதால் முடி நுழையாத இடுக்கிலும் போய், பழைய பிசுக்கை இளக்கி, ஈரத்தைத் தள்ளிவிட்டு, ஆவியாகிவிடும். மிஞ்சுவது லேசான எண்ணெய்ப் படலம். அடுத்தடுத்து நூறு தடவை திறந்து மூடும் கதவுக்கு அந்தப் படலம் எத்தனை நாள் தாங்கும்?

கீலை நான் இப்படிச் செய்கிறேன். நடுவிலிருக்கும் பின்னைக் கீழிருந்து மெதுவாகத் தட்டி மேலே எடுத்துவிடுவேன். மூன்று கீல் இருந்தால் ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்தது, இல்லாவிட்டால் கதவு சரிந்துவிடும். வெளியே வரும் பின்னில் கறுப்பாக மை மாதிரி அப்பியிருக்கும். ஸ்ப்ரே அடித்துத் துணியால் துடைத்தால் முதல் துடைப்பில் துணி கறுப்பாகும், அடுத்ததில் பழுப்பாகும், நாலாவதில் சுத்தமாக வரும். அப்புறம் பின் முழுக்க விரலால் கொஞ்சம் கிரீஸ் தடவி உள்ளே இறக்க வேண்டியதுதான். என் வீட்டில் இப்படிச் செய்த கதவு இரண்டு வருடமாக வாய் திறக்கவில்லை.

துருப்பிடித்த நட்டு என்றால் இந்த ஸ்ப்ரே கையில் இருப்பது பெரிய வரம். ஆனால் அடித்த கையோடு ஸ்பேனரைப் போடாதீர்கள். கால் மணி நேரமாவது விடுங்கள். நடுவில் சுத்தியலால் நட்டின் பக்கவாட்டில் லேசாகத் தட்டுங்கள், துருவில் விரிசல் விட்டு உள்ளே இறங்கும். கழற்றுவதற்கு முன்னால் ஒரு இம்மி முறுக்கிப் பாருங்கள். 'டக்' என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டால் பிடி விட்டுவிட்டது என்று அர்த்தம். அவசரப்பட்டால் தலை உடையும், போல்ட்டுடைய தலையைச் சொல்கிறேன்.

கண்ணாடி பாட்டிலில் ஒட்டியிருக்கும் லேபிள் பசை, ஜன்னலில் காய்ந்துபோன டேப், தரை ஓட்டில் செருப்பு இழுத்த கறுப்புக் கோடு எல்லாம் துணியில் நனைத்துத் தேய்த்தால் போய்விடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள், எண்ணெய் தங்கியிருக்கும். தரையில் விட்டால் வழுக்கும். ஈர மண்ணில் வேலை முடித்த மண்வெட்டி, செடி வெட்டும் கத்தரி இவற்றைத் துடைத்து ஒரு அடி அடித்து வைத்தால் துரு அண்டாது. அதன் பிறவிக் குணமே அதுதானே.

சைக்கிள் செயினுக்கு மட்டும் இதையே எண்ணெயாக நம்பிவிடாதீர்கள். நான் நம்பினேன். இரண்டு நாள் வெண்ணெய் மாதிரி ஓடியது. மூன்றாம் நாள் மணல் அரைப்பது போலச் சத்தம். உருளைக்குள் இருந்த நல்ல மசகையும் கழுவிக்கொண்டு போய்விட்டது. சுத்தம் செய்ய அடிக்கலாம், நன்றாகத் துடைத்தபின் செயின் எண்ணெய் விட்டே ஆக வேண்டும். பூட்டிலும் இப்படித்தான்: இறுகிப்போன பூட்டைத் திறக்க உதவும், அடிக்கடி அடித்தால் தூசி ஒட்டிக்கொள்ளும். அதற்கு கிராஃபைட் பொடி நல்லது. பாலிகார்பனேட் மாதிரித் தெளிவான பிளாஸ்டிக்கில் படவே கூடாது, விரிசல் விடும்.

மூட்டு வலிக்கு முழங்காலில் அடிக்கச் சொல்லும் பதிவுகளைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. தயாரிக்கும் நிறுவனமே வேண்டாம் என்கிறது. தயவுசெய்து பகிராதீர்கள். இது பெட்ரோலியப் பொருள். எளிதில் தீப்பிடிக்கும், அதனால் அடுப்புப் பக்கமும் மின்சாரம் ஓடும் இடத்திலும் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அடியுங்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள். டப்பாவைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

என் அலமாரியில் மேல் தட்டில் அந்த நீல டப்பா இருக்கிறது. பக்கத்திலேயே தையல் மெஷின் எண்ணெய்ப் புட்டி, கிரீஸ் டப்பி, பழைய பனியன் துணி. நாலையும் சேர்த்துத்தான் கீழே இறக்குவேன்.