கடைசியாக ஒரே ஒரு கோட்டிங்

பனியில் மறைய போர் டேங்குக்கு அடிக்கும் குளிர்கால வெள்ளை வேண்டும் என்றால் நானே அடித்திருப்பேனே! நான் கேட்டது மேட் வார்னிஷ். பளபளப்பு போக, மேலே ஒரு பாதுகாப்பு. அவ்வளவுதான். இப்போது என் டேங்க் மாடல் மாவு டப்பாவுக்குள் விழுந்து எழுந்த மாதிரி மேஜையில் நிற்கிறது.

மூன்று வாரம் உட்கார்ந்து செய்த டி-34/85, சோவியத் டேங்க். 1/56 அளவு, அதாவது அசலில் 56-ல் ஒரு பங்கு, பீரங்கிக் குழலை விட்டுவிட்டால் 11 சென்டிமீட்டர் நீளம்தான். அந்த 11 சென்டிமீட்டரில் எத்தனை ராத்திரி போகும் என்று பிரஷ் பிடித்த எல்லோருக்கும் தெரியும். பக்கவாட்டில் உருளையாக எரிபொருள் தொட்டி இருக்குமே, அதன் மூடியிலிருந்து டீசல் வழிந்த கறை ஒன்று வைத்தேன். அந்த ஒரு கறைக்கே நாலு ராத்திரி. பழுப்பு ஆயில் பெயிண்டில் ஊசிமுனை அளவு புள்ளி. பெயிண்டைக் கரைக்கும் வொயிட் ஸ்பிரிட்டில் நனைத்து, துணியில் ஒற்றி எடுத்த பிரஷால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. காயவிட்டு, அதற்குள்ளேயே இன்னும் சின்னதாக, இன்னும் அடர்த்தியாக மறுபடி ஒரு புள்ளி. நடுவில் கறுத்து, ஓரத்தில் மெலிந்து, பார்த்தாலே எண்ணெய் வாடை அடிக்கும்போல வந்திருந்தது. சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத இடம் அது.

அது போச்சு.

அவசரப்பட்டிருப்பாய் என்று யாரும் சொல்ல வேண்டாம். வார்னிஷ் ஸ்ப்ரே கேனை இரண்டு நிமிடம் குலுக்கினேன், கடிகாரம் பார்த்துத்தான் குலுக்கினேன். 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தேன். மிச்சம் இருந்த ஒரு சக்கரத்தில் முதலில் அடித்துப் பார்த்தேன். அருமையாக வந்தது! அந்தச் சக்கரம் இதோ இப்போதும் பக்கத்தில்தான் கிடக்கிறது, ஒரு குறையும் இல்லாமல். அதை நம்பித்தான் டேங்கை எடுத்தேன். இடப்பக்கம் ஒரு வீச்சு, வலப்பக்கம் ஒரு வீச்சு, மேலே ஒன்று. ஈரமாக இருந்தபோது அந்தப் பச்சை எவ்வளவு ஆழமாகத் தெரிந்தது தெரியுமா? கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் டரட்டுக்கு, அதாவது குழல் இருக்கும் சுழல் கூண்டுக்கு, கீழே இருக்கும் இடுக்கில் ஒரு வெளுப்பு. தூசியாக இருக்கும் என்று குனிந்து ஊதினேன். போகவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அந்த வெளுப்பு இஞ்சின் மூடி மேல் ஏறுகிறது, டரட்டில் இருக்கும் நம்பரை மறைக்கிறது, என் டீசல் கறையை முழுங்குகிறது. ஒரு வார்த்தை பேச முடியவில்லை. கையில் துண்டோடு அப்படியே நின்றேன்.

காரணம் எனக்கும் தெரியும். பளபளப்பைக் கொல்வதற்கென்று மேட் வார்னிஷில் நுண்ணிய தூள் கலந்திருக்கும். அது கேனின் அடியில் தங்கும். சரியாகக் கலங்காவிட்டாலும் தடிமனாக விழுந்தாலும் வெளுக்கும். காற்றில் ஈரம் இருந்தால் இன்னொரு கதை. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிரும், காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும். சரி, மழை விட்டு ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஆனால் எவ்வளவு ஈரம் வரை அடிக்கலாம் என்று அந்தக் கேனில் ஒரு எண் போட்டால் என்ன குறைந்துவிடும்? 'நன்கு குலுக்கவும்', 'காற்றோட்டமான இடம்' என்று இருக்கிறதே தவிர, மூன்று வார உழைப்பை அழிக்கக்கூடிய அந்த ஒரு விஷயத்தைச் சொல்ல இடமில்லையாம். செய்முறை எழுதுகிறவர்களும் அப்படித்தான். இடுக்குகளில் நீர்த்த பெயிண்டை ஓடவிடும் வாஷ் போட இரண்டு பக்கம், ஸ்பாஞ்சால் பெயிண்ட் உரிந்த மாதிரி ஒற்ற மூன்று பக்கம். முடிவில், 'பிறகு வார்னிஷ் அடிக்கவும்'. முழு வேலையிலும் திரும்பப் பெற முடியாத ஒரே கட்டத்துக்கு மூன்றே வார்த்தை!

'வார்னிஷே வேண்டாம், அப்படியே விடு' என்கிறவர்கள் கண்ணாடி அலமாரிக்குள் மாடலை வைப்பவர்கள். என் டேங்க் மேஜைமேல் ஆடும் போர் ஆட்டத்துக்குப் போகிறது. ஒரு மாலையில் நாற்பது தடவை விரல் படும். வார்னிஷ் இல்லாமல் இரண்டே ஆட்டத்தில் குழல் முனையும் உடலின் ஓரங்களும் அடிப்பூச்சான ப்ரைமர் வரை தேய்ந்துவிடும். அடித்தாலும் ஆபத்து, அடிக்காவிட்டாலும் ஆபத்து.

நேற்று மேலே க்ளாஸ் வார்னிஷ், அதாவது பளபளப்பு வார்னிஷ், அடித்தேன். பச்சை திரும்பி வந்தது, எண் வந்தது, கறையும் முக்கால்வாசி வந்தது. ஆனால் சக்கரங்களைச் சுற்றி ஓடும் டிராக்கிலும் சக்கரங்களுக்கு நடுவிலும் அப்பியிருந்த பிக்மென்ட் தூள் எல்லாம் நனைந்து, காய்ந்த புழுதியாக இருந்தது ஒரே பழுப்புப் பூச்சாகிவிட்டது. அதைத் திரும்பச் செய்ய வேண்டும். முழு டேங்கும் பளபளவென்று இருப்பதால் மறுபடி மேட் வேறு அடிக்க வேண்டும். இந்தத் தடவை பிரஷால்தான். கேனைத் தொடமாட்டேன்.

செய்யலாம் என்று இன்று உட்கார்ந்து பழுப்பு பெயிண்டை எடுத்தால் பாட்டிலின் மூக்கு அடைத்திருக்கிறது. இந்தச் சொட்டுப் பாட்டிலைக் கண்டுபிடித்த ஆள் ஒருநாளாவது இதில் பெயிண்ட் அடித்திருப்பானா? அமுக்கினேன், வரவில்லை. இன்னும் அமுக்கினேன், வரவில்லை. ஊசியால் குத்திவிட்டு மெதுவாகத்தான் அமுக்கினேன், அடைத்திருந்த கட்டியோடு பாதி பாட்டில் பெயிண்ட் தட்டில் கொட்டிவிட்டது. எனக்குத் தேவைப்பட்டது ஒரு சொட்டு.